அம்மா பிடித்து வைத்த முதல் தண்ணீர்

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்குகிறது. விரல்களை மடக்க முடிகிறது, நிமிர்த்த முடியவில்லை. மேசைமேல் வைத்தால் ஈரத்துணி மாதிரி கிடக்கிறது. நான் பொறுமைசாலி இல்லை. ஒரு வரிக்கு இத்தனை நேரம் ஆவது எனக்கே ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் சந்தில் இப்போது நான் வாயைத் திறந்தால் யாரும் நம்புவதில்லை. அச்செழுத்தில் வந்தால் நம்புவார்களோ என்று ஓர் ஆசை. வீட்டுக்குள் காரீயக் குழாய் வைத்திருப்பவர்கள், அதிலும் வீட்டில் முழுகாமல் இருக்கும் பெண் உள்ளவர்கள், தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

நான் பிரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவன். மாதா கோயிலைச் சேர்ந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்து வந்தேன். சுகாதாரப் பாடம் என்றால் எனக்கு ஒரு வெறி. பிரெஞ்சுப் புத்தகத்தில் படிப்பதைச் சாயங்காலமே சந்துக்கு வந்து பிரசங்கம் செய்துவிடுவேன். கொசு, ஈ, சாக்கடை, எச்சில் டம்ளர், எதையும் விட்டதில்லை. "லூர்து வர்றான், கைய மறைங்க, நகத்தப் பாப்பான்" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் சைகோனிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை நின்றிருந்தது. மாமா அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று அதே கடிதத்தில் அவரும் எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, தெருமுனைப் பொதுக்குழாய்க்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வருவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரி குடம் தூக்கலாமா? எத்தனை பேர் கை நனைத்த தண்ணீரோ, அதைக் குடிக்கலாமா?

தெருவில் போவது இரும்புக் குழாய். அதில் ஒரு குற்றமும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி குறுகி நீண்டது; வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் உள்ளே குழாய் இழுப்பது எங்கள் பொறுப்பு. அந்தச் சமயம் கடற்கரைப் பக்கம் பழைய பங்களா ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே குவியலாகக் கிடந்தன காரீயக் குழாய்கள். காரீயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் ஈயம் இல்லை. அது வெள்ளீயம், இது கறுப்பு ஈயம், கனமானது, மெத்தென்றது, கையாலேயே வளைக்கலாம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அப்பா பஞ்சாலையில் தறி மேஸ்திரி. அவர் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், தள்ளுவண்டியில் ஏற்றி வந்தேன்.

அம்மா குழாயைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். "எவன் எவன் வூட்டுத் தண்ணி ஓடின குழாயோ! அப்பிடியே வப்பாங்களா? கழுவ வேணாம்?"

உள்ளே பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பக்கு கட்டியிருந்தது. சுகாதார வாத்தியார் சும்மா இருப்பேனா? பித்தளைக் குடத்துக்குச் செய்கிற மாதிரியே செய்தோம். புளியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றி, இரண்டு முனையையும் அடைத்து, மறுநாள் வரை ஊறவிட்டோம். பிறகு தேங்காய் நார்க்கயிற்றை உள்ளே விட்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா, மாற்றி மாற்றி இழுத்தோம். பக்கு முழுக்கக் கரைந்து வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளிக் காசு மாதிரி மின்னிற்று.

"பூசைப் பாத்திரம் மாதிரி ஆக்கிட்டியேடா!" என்றார் அப்பா.

எதிர்வீட்டுத் தெரேஸ் அத்தை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சக் குழாயை அவளுக்கு நான்தான் வலியக் கொடுத்தேன். அதையும் புளி போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

கிறிஸ்துமசுக்கு முன்பே கொல்லையில் தண்ணீர் கொட்டியது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து அக்கா வந்து இறங்கினாள். குழாயைத் திறந்து திறந்து மூடினாள். "சைகோன்ல கூட எங்களுக்கு வூட்டுக்குள்ள குழாய் இல்லடா. பெரிய ஆளாயிட்ட, போ" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இங்கே அம்மாவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுக்குழாய்க்குப் போன காலத்திலேயே அவள் கோயிலின் முதல் மணிக்கு முன்னால் போய்விடுவாள். அன்றைய முதல் தண்ணீர் அவளுக்கு வேண்டும். யாரும் முகம் கழுவாத, யார் கையும் படாத தண்ணீர். அதுதான் குடிக்கிற தண்ணீர். பிறகு வருவது பாத்திரத்துக்கு, துணிக்கு. குழாய் வீட்டுக்குள் வந்தபிறகு அவளுக்குப் போட்டியே இல்லை. முதல் மணி அடித்ததும் கொல்லைக்குப் போய், சிலுவை போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து, முதலில் விழுகிற தண்ணீரைக் குடிதண்ணீர்ப் பானையில் பிடித்து மூடி வைப்பாள். அந்தப் பானை அக்காவுக்கு. மிச்சம் எனக்கு. அப்பா விடிவதற்குள் ஆலைக்குப் போய்விடுவார், அங்கேதான் குடிப்பார். அம்மா எதைக் குடித்தாள் என்று நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியபோது எனக்கு வாய் ருசி மாறியது. செப்புக்காசை நாக்கில் வைத்துக்கொண்டது மாதிரி ஒரு சுவை. சாப்பாடு பிடிக்கவில்லை. முகம் வெளுத்தது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதால் என்றாள் அம்மா. வயிறு கட்டிக்கொண்டது, நாலு நாள், ஐந்து நாள் வெளிக்கே போகவில்லை. பிறகு வலி. அதை எப்படிச் சொல்வது? தொப்புளைப் பிடித்து முதுகெலும்போடு சேர்த்து யாரோ முறுக்குகிற மாதிரி. மற்ற வயிற்றுவலிக்குத் தொட்டால் உயிர் போகும். இதற்கு அமுக்கினால்தான் கொஞ்சம் சுகம். தலையணையைச் சுருட்டி வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கரும்பலகைக்கு முன்னால் ஒருநாள் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

அப்பா புஷ் வண்டி பிடித்து வந்தார். அதில் ஆள் பின்னாலிருந்து தள்ளுவான்; முன்னால் இருக்கிற கட்டையைப் பிடித்துத் திருப்ப வேண்டியவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள். எத்தனையோ தரம் ஓட்டியிருக்கிறேன். அன்று வாய்க்கால் ஓரம் திருப்பும்போது கட்டை என் கையில் நிற்கவில்லை. வண்டி நேரே வாய்க்காலுக்குப் போனது.

"யோவ், தூங்கறியா? திருப்புய்யா!" என்று கத்தினான் தள்ளுகிறவன்.

வலியில் கை நழுவியது என்று நினைத்தேன். கைக்கு அதுதான் முதல் நாள் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பொழுது முழுக்கக் காத்திருந்தோம். மடியில் காய்ச்சல் பிள்ளைகளோடு பெண்கள், காலில் கட்டோடு ஆலைத் தொழிலாளிகள். பெயரைக் கூப்பிடுகிற மாசேரின் வெள்ளை முக்காடு கதவில் தெரியும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாய்த் திரும்பும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீகளை நாங்கள் மாசேர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வார்டு மாசேருக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழ் நன்றாகப் பேசுவார், திட்டும்போது மட்டும் பிரெஞ்சு.

டாக்டர் நம் ஊர்க்காரர். வயிற்றைத் தட்டினார், நாக்கைப் பார்த்தார், விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டார். "காய்ச்சல் இல்ல. ஆனாலும் குடல் காய்ச்சல் ஆரம்பமா இருக்கலாம். ரெண்டு நாள் பாப்போம். தண்ணி மூலமாத்தான் அது வரும்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் சொன்னேன். நான், சுகாதார வாத்தியார், வலியிலும் என் பாடத்தை விடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்காவுக்குப் பச்சத் தண்ணி குடுக்கவே கூடாதுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. காய்ச்சணும். நல்லா, சுண்டச் சுண்டக் காய்ச்சணும்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தரம் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தன் அண்ணன். வீட்டுக் கதவு, சன்னல், வைத்திக்குப்பத்து மீனவர் படகுகள், எல்லாவற்றுக்கும் வர்ணம் அடிக்கிறவர். அவருக்கு இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சியை மாசேர் ஊட்டினால் "கல்யாணம் ஆகியே இவ்ளோ வருசம் ஆச்சு, எம் பொண்டாட்டி ஒரு நாள் ஊட்டினதில்ல" என்று சிரிப்பார்.

"உனக்கு இன்னா தம்பி?" என்று முதல் நாளே கேட்டார்.

"குடல் காய்ச்சலாம்."

"காய்ச்சல் எங்க? ஒடம்பு கல்லு மாதிரி சில்லுன்னு இருக்குது. வாத்தியாருக்கு வேல செய்ய நோவுதா?"

அம்மா தினமும் மத்தியானம் வருவாள். ஆஸ்பத்திரித் தண்ணீரில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டிலிருந்து ஒரு புட்டி நிறையத் தண்ணீர் கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வைப்பாள். பொன்னிறமாக இருக்கும், சீரகம் மணக்கும்.

"நீ சொன்னாப்பலயேதான் செய்றேன்டா. முதல் தண்ணியப் புடிச்சு, சீரகம் போட்டு, ஒரு பான தண்ணி அரப் பானையா சுண்டற வரைக்கும் காய்ச்சறேன். அக்காளுக்கு அதான். வயித்துப் புள்ளக்காரிக்கு அது நல்லதுமாச்சு. ஒனக்கும் அதுலதான் எடுத்து வந்துருக்கேன். ஒரு சொட்டு பாக்கி வைக்காத."

நான் பாக்கி வைக்கவில்லை. பேதி உப்புக் கொடுத்தார்கள், வயிறு கொஞ்சம் இளகியது. வலி மறுபடி வந்தது. வலி முற்றினால் ஊசி. ஊசி போட்ட பிறகு கூரையின் உத்திரங்களை எண்ணிக்கொண்டு கிடப்பேன். இரவில் வார்டின் கோடியில் ஒரு விளக்கு மட்டும் எரியும். கோவிந்தன் அண்ணன் தூக்கத்தில் எதற்கோ அழுத்தி அழுத்தி வர்ணம் அடிப்பவர் போலத் தோளை ஆட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் இருந்ததைவிட ஆஸ்பத்திரியில் எனக்கு அதிகமாயிற்று. டாக்டருக்கு அது புரியவில்லை. தலைமாட்டுச் சீட்டை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். ஒரு துண்டுக் காகிதம் மட்டும் வந்தது: "டேய், உன் மருமகன் உதைக்கிற உதையில் நான் படுக்க முடியவில்லை. வாத்தியாருக்கு உதை வேண்டுமாம், சீக்கிரம் வா." அதை வலி வரும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னாள்: "அக்காளுக்கும் வயிறு கட்டிக்கிச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. எட்டு மாசமாச்சில்ல, அப்பிடித்தான் இருக்கும்." நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு படித்தவன் நான்!

ஒருநாள் காலை டாக்டர் வைத்தியப் பள்ளி மாணவர்கள் நாலு பேரோடு வந்தார். கோவிந்தன் அண்ணனின் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில், மைப்பேனாவால் கோடு போட்ட மாதிரி, ஒரு நீலக் கறுப்பு வரி.

"ப்ளோம்" என்றார் மாணவர்களிடம். பிரெஞ்சில் காரீயம். வெள்ளை வர்ணத்தில் காரீயம் இருக்கிறது. அடிக்கிறவன் மூச்சிலும் சோற்றுக் கையிலும் அது உள்ளே போகிறது. வயிற்றை முறுக்கும், மலத்தைக் கட்டும், கடைசியில் கையைத் தூக்குகிற நரம்புகளைக் கெடுக்கும் என்று பிரெஞ்சிலேயே விளக்கிக்கொண்டு போனார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. உதட்டை இழுத்தபடி கண்ணை உருட்டினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வயிற்றை முறுக்கும். மலத்தைக் கட்டும். கை.

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், "அண்ணே, ஒங்க கண்ணாடியக் குடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு? மாசேரு பொண்ணு பாக்க வர்றாங்களா?"

சவரக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கைவிரலால் உதட்டை இழுக்கப் பார்த்தேன். விரல் நிமிரவில்லை. அண்ணன்தான் தொங்குகிற தன் கையின் முட்டியால் என் உதட்டைக் கீழே தள்ளினார். இருவரும் கண்ணாடிக்குள் பார்த்தோம்.

"அட, ஒனக்கும் இருக்குதே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, நீ எந்தப் படகுக்கு அடிச்ச?"

டாக்டரைக் கூவி அழைத்தேன். உதட்டைப் பார்த்தார். முன்பு எடுத்த இரத்தக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது நடை வேகமாக இருந்தது. சிவப்பு அணுக்களுக்குள்ளே நீலப் பொடி தூவின மாதிரி புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். அது காரீயத்தின் அடையாளங்களில் ஒன்று.

"வீட்ல வர்ண வேல உண்டா? அச்சாபீசுல காரீய எழுத்துக் கோக்கற வேல செஞ்சியா?"

"இல்ல சார். குழாய்."

எல்லாவற்றையும் சொன்னேன். பங்களாக் குழாய், பக்கு, புளி, கயிறு. புளி என்றதும் அவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பக்குதான்டா சட்டை. வருசக்கணக்கா தண்ணி ஓடி அது தானா கட்டும். காரீயத்தத் தண்ணி தொடாமக் காப்பாத்தும். நீ சட்டயக் கழட்டிட்ட. நம்ம ஊர்த் தண்ணி மெதுவான தண்ணி. சோப்பு எப்பிடி நொரைக்குது பாத்தியா? அந்த மாதிரி தண்ணி காரீயத்தக் கரைக்கும். அதுவும் ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ளயே நின்னுச்சின்னா..." முக்காலியைப் பார்த்தார். "அந்தப் புட்டியில இன்னா?"

"வீட்டுத் தண்ணி. காய்ச்சினது."

"கிருமி சாகும். காரீயம் சாகாது. தண்ணி ஆவியாப் போவும், அது அப்பிடியே தங்கும். பாதியா சுண்டினா ரெண்டு பங்கு." குரல் தணிந்தது. "இன்னும் யாரு குடிக்கிறா?"

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். வேட்டியை முடிச்சுப்போடக் கை வரவில்லை. வார்டு வாசலில் வேட்டி நழுவ, மாசேர் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பிடித்து உட்கார வைத்தார். ஆஸ்பத்திரி ஆள் ஒருவனை எங்கள் வீட்டுக்கு ஓடச் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா கோபமாக வந்தாள். "இன்னாடா கத? தண்ணியில வெஷமா? நான் புடிச்சு வைக்கிற தண்ணியிலயா? அதே தண்ணிதான நானும் குடிக்கிறேன்! எனக்கு ஒரு தலவலி உண்டா? பாத்துக்கோ, கல்லு மாதிரி நிக்கிறேன்."

டாக்டர்தான் கேட்டார்: "அம்மா, நீங்க எப்ப குடிப்பீங்க? எதுலருந்து?"

"நானா? நான் எல்லாம் முடிஞ்ச பின்னாடி குடிப்பேன். ஏனம் கழுவி, துணி தொவைச்சி, மத்தியானத்துக்கு மேல, ஓடற குழாயில ஏந்திக் குடிப்பேன். நல்ல தண்ணிய நானா குடிப்பேன்? அது அதுங்களுக்கு."

ராத்திரி முழுக்கக் குழாயில் நின்று ஊறிய தண்ணீர்தான் முதலில் விழும். அது போனபிறகு வருவது தெருவிலிருந்து புதிதாக வருகிற தண்ணீர், அவ்வளவு கெடுதி இல்லை என்று நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொல்லுகிற மாதிரி, தெளிவாகச் சொன்னேன். பாதியிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. முக்காலியில் இருந்த புட்டியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இத எங்க ஊத்தறது?" என்று கேட்டாள். "கொல்லையில ஊத்தினா கோழி குடிக்குமே."

மறுநாள் டாக்டர் இரண்டு புட்டியில் எங்கள் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மருந்துநீரை விட்டுப் பார்த்தார். முதல் தண்ணீர் பழுப்பாகக் கறுத்தது. மத்தியானத் தண்ணீரில் லேசான நிழல் மட்டும். சீரகத் தண்ணீரைச் சோதிக்கவே முடியவில்லை. அதன் நிறமே பழுப்பு.

அதற்குள் அக்காவைக் கொண்டு வந்துவிட்டார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. இரண்டு நாளாகப் பிள்ளையின் அசைவு குறைந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், அம்மாவை இன்னும் பயமுறுத்துவானேன் என்று நினைத்தாளாம். காரீயம் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இதற்கு மருந்து என்ன என்று நான் கேட்டதற்கு, "பாலு" என்றார். "பால், சுண்ணாம்புச் சத்து. வேற எனக்குத் தெரியாது." அவர் பொய் சொல்லாத மனிதர். அன்று அவர் பொய் சொல்லியிருக்கலாம்.

பிள்ளை ஒரு மாதம் முன்னதாகப் பிறந்தது. ஆண். அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். மாசேர் அங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, மாமாவின் அப்பா பெயரையே, மிக்கேல் என்று இட்டார். என்னை முற்றத்தைத் தாண்டிக் கூட்டிப்போனார்கள். "புடிடா ஒன் மருமகன" என்றாள் அக்கா. அவள் உதடும் காகிதமும் ஒரே நிறம். எனக்குப் பிடிக்கக் கை இல்லை. மாசேர் என் இரண்டு முழங்கைகளையும் சேர்த்து வைக்கச் சொல்லி, அந்த இடுக்கில் அவனைக் கிடத்தினார். அவன் கனமே இல்லை. காலை ஒரு தரம் நீட்டினான். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த உதை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியான மணி அடிப்பதற்குள் போய்விட்டான்.

அப்பா ஆலையிலிருந்து வேலை உடுப்போடு வந்து நின்றார். சைகோனுக்குத் தந்தி எழுத வேண்டும். அக்கா எழுதுகிற நிலையில் இல்லை; அவளை விட்டால் வீட்டில் எழுதத் தெரிந்த கை என்னுடையது ஒன்றுதான். நான் சொல்லச் சொல்ல மாசேர் எழுதினார். "நீ காய்ச்சச் சொன்னதை அதுல எழுத வேணாம்" என்றார் அப்பா. அவர் என்னைக் குற்றம் சொன்னது அவ்வளவுதான். அக்கா அதுவும் சொல்லவில்லை.

கோவிந்தன் அண்ணனும் நானும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். அவருக்கு ஒரு கை பாதி நிமிர்கிறது. "படகுக்குப் போறேன். வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றார். வர்ணம் அடித்த கையோடு சாப்பிடாதீர்கள் என்றேன். "சரி வாத்தியாரே" என்று, வழக்கமாகச் சிரிக்கிற மாதிரியே சிரித்தார். என் கை ஆறு மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம். காரீயம் எலும்புக்குள்ளே போய்ச் சுண்ணாம்போடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளுமாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் கரைந்து இரத்தத்துக்கு வருமாம். அடுத்த பிள்ளை என்று அக்கா கேட்க ஆரம்பித்ததும், டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா குழாயைத் தோண்டி எடுத்துவிட்டார். வைத்திக்குப்பத்து ஆட்கள் வலைக்குக் குண்டு வார்க்க எடுத்துப் போனார்கள். கடலில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை; போகட்டும். அம்மா மறுபடி தெருமுனைக்குப் போகிறாள். ஆனால் முதல் மணிக்குப் போவதில்லை. எல்லோரும் பிடித்துவிட்டுப் போனபிறகு, கடைசி ஆளாகப் பிடித்து வருகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

எதிர்வீட்டில் அந்தக் குழாய் இருக்கிறது. நான் கொடுத்தது, நான் புளி போட்டது. தெரேஸ் அத்தையின் மருமகள் மரிக்கு ஐந்தாவது மாதம். வந்த அன்றே போய்ச் சொன்னேன். நீல வரியைக் காட்டினேன், தொங்குகிற கையைக் காட்டினேன்.

"குழாய் வை, குழாய் வைன்னு தொண்ட கிழியக் கத்தினதும் நீதான். இப்ப எடு எடுன்னு கத்தறதும் நீதான்" என்றாள் அத்தை. "ஒங்கம்மாவும் அதே தண்ணிதான குடிச்சா? அவளுக்கு ஒண்ணும் இல்லியே. ஒங்க குடும்பத்துக்குக் கஷ்டகாலம், அதுக்குக் குழாய் இன்னா பண்ணும்? எங்க மரி நல்லாத்தான் இருக்கிறா."

"எடுக்க வேணாம் அத்தே. காலையில முதல்ல வர்ற தண்ணியக் கொஞ்ச நேரம் கீழ வுட்டுட்டாவது புடிங்க. காய்ச்சி மட்டும் சுண்ட வைக்காதீங்க."

"முதல் தண்ணியக் கீழ வுடறதா? நல்லாருக்குது நாயம்!"

பிறகு அக்கா போக ஆரம்பித்தாள். பால் கட்டின மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் மணி அடிக்கும்போது எதிர்வீட்டுக் கொல்லைக் கதவால் போய், அவர்கள் வருமுன் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடும். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, நூறு வரை எண்ணி, இன்னொரு நூறும் எண்ணி மூடிவிட்டு வந்துவிடுவாள். மரி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாளாம். இப்படி எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அக்கா வாசலுக்கு வந்து தட்டினாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரேஸ் அத்தை கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, கெஞ்சுகிற மாதிரி பேசினாள்.

"ரோசாலி, எம் பொண்ணு மாதிரி நீ. சொல்றேன்னு தப்பா நெனைக்காத. புள்ளயப் பறிகொடுத்தவ நீ. விடியக்காலையில வந்து நிக்கிற. வயித்துப் புள்ளக்காரி ஒன் மொகத்துல முழிக்கக் கூடாதும்மா. போயிடு தாயி."

அக்கா போகவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே, கொல்லைப் பக்கம், யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் காலிக் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு குடம் நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. அக்கா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முதல் நூறை எண்ணி முடிப்பதற்குள் குடத்தை எடுத்துவிட்டார்கள்.